தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் போட்டிகள்: புதிதாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நாங்கள் டர்பனில் வந்து இறங்கியது ஒரு டிசம்பர் மாதக் கடைசி வாரத்தில். ஜனவரியில் மகள் எட்டாம் கிரேடில் சேர்ந்தாள். ஊரில் கணக்கென்றால் நூற்றுக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தவள். இங்கே கணித ஒலிம்பியாட் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரில் போல வகுப்பாசிரியர் ஒரு தாளைக் கொடுத்தனுப்புவார், கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டினால் முடிந்தது என்று காத்திருந்தேன். மார்ச் போனது. ஏப்ரலில், பக்கத்து வீட்டு ஆயாவின் பேரன் "நான் செகண்ட் ரவுண்டுக்குப் போறேன் ஆண்ட்டி" என்று சொன்னபோதுதான் முதல் சுற்று முடிந்துபோனதே எனக்குத் தெரிந்தது. பள்ளியில் போய்க் கேட்டேன். "நோட்டீஸ் போர்டில் இரண்டு வாரம் ஒட்டியிருந்ததே" என்றார் ஆசிரியர். ஆயா தனக்கு வரும் கொஞ்சத் தமிழில், "நீதான் போய்க் கேக்கணும் கண்ணு" என்றார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை எழுபது வயதுக்காரர் எனக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

அன்று போன ஓராண்டு போனதுதான். உங்களுக்கு அப்படிப் போகவேண்டாம் என்பதற்காக, முதல் நாளில் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நாட்காட்டியை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு டெர்ம். ஜூனில் புது நோட்டு வாங்கிய பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது கொஞ்ச நாள் குழப்பும். போட்டிகளைப் பொறுத்தவரை இதன் விளைவு ஒன்றே ஒன்றுதான். பெரிய போட்டிகளின் பதிவு பள்ளி திறந்த சில வாரங்களிலேயே நடந்துவிடும். கணித ஒலிம்பியாடின் முதல் சுற்று வழக்கமாக மார்ச்சில், இரண்டாவது மே மாதத்தில், மூன்றாவது ஜூலைக் கடைசியில் வரும். அறிவியல் கண்காட்சிகளின் வட்டாரச் சுற்று ஆண்டின் நடுவில் வரும். பிள்ளை ஊரிலிருந்து ஏப்ரலில் படிப்பை முடித்துவிட்டு மே மாதம் இங்கே சேர்கிறது என்றால், அந்த ஆண்டின் கணித ஒலிம்பியாட் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருத்தப்பட வேண்டாம், அடுத்த மார்ச் வரை பழைய தாள்களோடு நிம்மதியாக இருக்கலாம்.

பிள்ளை எந்த கிரேடில் உட்கார்கிறதோ அந்த கிரேடுக்கு உரிய தாளைத்தான் எழுதும். "ஊரில் ஒன்பதாவது முடித்துவிட்டாள், இங்கே எட்டில் போட்டுவிட்டார்கள்" என்று பல பெற்றோர் குறைப்பட்டுக்கொள்வார்கள். போட்டிக்கு அது நல்லதுதான்.

ஆசிரியரைப் பிடிப்பது

எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பெரும்பாலான போட்டிகளுக்குப் பெற்றோர் நேராகப் பெயர் கொடுக்க முடியாது, பள்ளிதான் பதிவு செய்ய வேண்டும். பள்ளி என்று சொன்னாலும், உண்மையில் அது ஓர் ஆசிரியர். பாடம் நடத்தி, விளையாட்டைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் தன் நேரத்தில் இந்தப் பெயர்களை எல்லாம் ஏற்றுகிறவர் அவர். சில பள்ளிகளில் அவரை ஒலிம்பியாட் கோஆர்டினேட்டர் என்பார்கள், சில பள்ளிகளில் கணிதத் துறைத் தலைவரே செய்வார். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

ஜனவரியில் பள்ளி திறந்த முதல் வாரமே அவருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள். பிள்ளையின் பெயர், கிரேடு, எந்தப் போட்டியில் ஆர்வம், பதிவு எப்போது முடிகிறது என்ற கேள்வி, இவ்வளவு போதும். நம் ஊர் வழக்கப்படி பிள்ளையின் பழைய மதிப்பெண், வாங்கிய பரிசு, மாமா ஐஐடியில் படித்தது எல்லாம் எழுதவேண்டாம். நான் எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது. மாணவர்களை இங்கே 'லேர்னர்' என்பார்கள், கடிதத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் அவர்கள் பேச்சோடு ஒட்டும்.

பள்ளி கலந்துகொள்ளவே இல்லை என்றால்? புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டதும் சோர்ந்துவிடுவார்கள். ஒரு சிலர் மட்டும் இருந்தாலும் பள்ளி பதிவு செய்யலாம். ஆசிரியர் தயங்குவது பெரும்பாலும் வேலைச் சுமையால். "பழைய தாள்களை நான் அச்செடுத்துத் தருகிறேன், பிள்ளைகளின் பட்டியலைத் தட்டச்சு செய்து தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு அப்பா இப்படித்தான் செய்தார். இரண்டாம் ஆண்டு அந்தப் பள்ளியிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். கட்டணம் போட்டிக்குப் போட்டி, ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் போட்டி யாருக்கு

நான்காம் கிரேடு முதல் ஏழு வரை படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்குத் தென்னாப்பிரிக்க மேத்தமேட்டிக்ஸ் சேலஞ்ச். எட்டு முதல் பன்னிரண்டு வரை தென்னாப்பிரிக்கக் கணித ஒலிம்பியாட். இது 1966 முதல் நடக்கிறது. இப்போது நடத்துவது தென்னாப்பிரிக்க மேத்தமேட்டிக்ஸ் ஃபவுண்டேஷன். எட்டும் ஒன்பதும் ஜூனியர், பத்து முதல் பன்னிரண்டு வரை சீனியர். கேப் டவுன் பக்கம் இருப்பவர்களுக்குக் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் கணிதப் போட்டியும் உண்டு. அதில் தனியாகவும் எழுதலாம், இருவர் ஜோடியாக உட்கார்ந்து பேசிப் பேசியும் எழுதலாம். கூச்சப்படும் பிள்ளைக்கு ஜோடி மிக நல்லது.

பத்தாம் கிரேடு முதல் நேஷனல் சயன்ஸ் ஒலிம்பியாட் உண்டு. கணினிக்கு இரண்டு வழி. புரோகிராமிங் தெரிந்தவர்களுக்குப் புரோகிராமிங் ஒலிம்பியாட். தெரியாதவர்களுக்கு டேலண்ட் சர்ச், அது நிரல் எழுதத் தேவையில்லாத சிந்தனைப் புதிர்கள். ஏழாம் கிரேடு பிள்ளைகளுக்கு வானியலில் ஆஸ்ட்ரோ குவிஸ். சதர்லாந்தில் பெரிய தொலைநோக்கி இருக்கும் நாடு, கரூ என்ற வறண்ட சமவெளியில் மீர்காட் ரேடியோ தொலைநோக்கி இருக்கும் நாடு, வானத்தைப் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டில் இரண்டுக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றிலும் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் உட்காராத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், முதல் ஆண்டு என் வீட்டிலும் பார்த்தேன்.

பத்தாம் கிரேடில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அங்கே பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளை மேத்தமேட்டிக்ஸ், மேத்தமேட்டிக்கல் லிட்டரசி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது அன்றாட வாழ்க்கைக்கான கணக்கு. ஒலிம்பியாடில் ஆர்வமும் பின்னால் பொறியியல், அறிவியல் எண்ணமும் இருந்தால் முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். பெயர் இரண்டும் ஒன்று போல இருப்பதால் புதிதாக வந்தவர்கள் ஏமாறுவதுண்டு.

கணிதத் தாள் எப்படி இருக்கும்

முதல் சுற்றுத் தாள் கொள்குறி வகை, ஐந்து விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது, ஜியாமெட்ரி பெட்டியும் கிடையாது. அளவுகோல், ரப்பர், எழுதிப் பார்க்கத் தாள் போதும். படங்கள் அளவுக்கு ஏற்ப வரையப்பட்டிருக்காது, கோணம் தொண்ணூறு போலத் தெரிகிறது என்று நம்பிவிடக் கூடாது. தாள் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸிலும் இருக்கும்.

ஊரிலிருந்து வந்த பிள்ளை முதலில் இடறி விழும் இடம் கணக்கில் இல்லை, எழுத்து முறையில். இங்கே பள்ளிகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். மூன்றரை என்பது 3,5. ஆயிரத்துக்கு நடுவில் காற்புள்ளி வராது, இடைவெளிதான்: 12 500. லட்சத்தை 1,00,000 என்று எழுதிப் பழகிய என் மகள், முதல் பயிற்சித் தாளில் 2,125 என்பதை இரண்டாயிரத்து நூற்று இருபத்தைந்து என்று படித்துவிட்டு, "விடை பட்டியலிலேயே இல்லம்மா" என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் அதைத் தேர்வு நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும்.

அடுத்தது சொற்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். அட் லீஸ்ட் என்றால் குறைந்தது, அட் மோஸ்ட் என்றால் அதிகபட்சம், கன்செக்யூட்டிவ் என்றால் அடுத்தடுத்த எண்கள், டிஜிட் என்றால் எண்ணின் ஒவ்வோர் இலக்கம், இன்டிஜர் என்றால் குறை எண்களும் சேர்ந்த முழு எண். ஐம்பது சொல்கூடத் தேறாது. அட் லீஸ்டையும் அட் மோஸ்டையும் மாற்றிப் படித்துக் கணக்கைக் கெடுத்துக்கொள்வதை நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடமும் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு வருவோம். பழைய தாள்கள், விடை விளக்கங்களோடு, ஃபவுண்டேஷனின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லோட்ஷெடிங், அதாவது முறை வைத்து மின்வெட்டு, ஆட்டிப்படைத்த ஆண்டுகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தத் தாள்கள்தான் எங்களுக்குக் கைகொடுத்தன. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது உண்டா இல்லையா என்பது தாளுக்குத் தாள் மாறியிருக்கிறது, அதனால் முதல் பக்கத்தில் உள்ள விதிகளைப் பிள்ளை தானே படிக்கட்டும்.

நம் ஊர் டியூஷன் முறையை இங்கே கொண்டுவரவேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். ஒரு நாளைக்கு ஐம்பது கணக்கு, கடிகாரம் வைத்து, தவறுக்குச் சிவப்பு மை, இதெல்லாம் இந்தத் தாளுக்கு உதவாது. எப்படிப்பட்ட கணக்கு வரும் என்பதற்கு என் சமையலறையிலேயே ஒன்றைச் சொல்கிறேன்.

டர்பனில் சமோசாவைச் சமூசா என்பார்கள். ஒரு கடையில் சமூசா 5 கொண்ட பெட்டியாகவும் 8 கொண்ட பெட்டியாகவும் மட்டுமே விற்கிறார்கள். பெட்டியைப் பிரித்துத் தரமாட்டார்கள். 13 வாங்கலாம், 10 வாங்கலாம், 11 வாங்க முடியாது. சரியாக வாங்கவே முடியாத மிகப் பெரிய எண்ணிக்கை எது?

இதற்குப் பள்ளிப் புத்தகத்தில் சூத்திரம் இல்லை. பிள்ளை முதலில் 1, 2, 3 என்று எழுதி அடித்துக்கொண்டு போகும். போகட்டும். கொஞ்ச நேரத்தில், 28 முதல் 32 வரை ஐந்தும் தொடர்ந்து கிடைக்கின்றன என்று கண்டுபிடிக்கும். 28 என்றால் நான்கு ஐந்துப் பெட்டியும் ஓர் எட்டும். 29 என்றால் ஓர் ஐந்தும் மூன்று எட்டும். 30 என்றால் ஆறு ஐந்து. 31 என்றால் மூன்று ஐந்தும் இரண்டு எட்டும். 32 என்றால் நான்கு எட்டு. இந்த ஐந்தும் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் எந்த எண்ணும் கிடைக்கும், ஒவ்வொன்றோடும் ஓர் ஐந்துப் பெட்டியைச் சேர்த்துக்கொண்டே போகலாமே! 27 மட்டும் எப்படிப் புரட்டினாலும் கிடைக்காது. விடை 27.

அந்த "சேர்த்துக்கொண்டே போகலாமே" என்ற இடத்தைப் பிள்ளை தானே கண்டால்தான் பயிற்சி. நீங்கள் சொல்லிவிட்டால் வெறும் விடை. என் மகள் இதைப் போன்ற ஒன்றோடு இரண்டு நாள் கிடந்தாள். குளிக்கும்போது கத்திக்கொண்டு வெளியே வந்தாள். வாரத்துக்கு மூன்று நான்கு கணக்கு போதும், பாதியில் விட்டுவிட்டு மறுநாள் திரும்பி வரட்டும். விடையைப் பார்க்க அவசரப்படும் அப்பாக்களை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். என் கணவரை நான் கடைக்கு அனுப்பிவிடுவேன்.

கடிகாரம் வைத்து எழுதுவதெல்லாம் மார்ச்சுக்கு முந்தைய இரண்டு வாரம் போதும். தாளில் முதல் சில கேள்விகள் எளிதாக இருக்கும், கடைசி ஐந்து கடினம். முதல் பாதியை ஒரு தவறும் இல்லாமல் முடிக்கிற பிள்ளை, எல்லாவற்றையும் அரைகுறையாகத் தொட்ட பிள்ளையை எளிதாக முந்திவிடும்.

மூன்றாம் சுற்று என்பது வேறு உலகம். அதற்கு ஜூனியர், சீனியர் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நூறு பேர்தான் போவார்கள். சீனியர் பிரிவில் விடை மட்டும் போதாது, நிரூபணமாக எழுத வேண்டும். அங்கிருந்துதான் சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கான வழி தொடங்குகிறது. தென்னாப்பிரிக்கா 1992 முதல் அதில் கலந்துகொள்கிறது. 2014இல் அந்தப் போட்டி கேப் டவுனில் நடந்தது, ஆப்பிரிக்கக் கண்டத்தில் அதுதான் முதல் முறை. முதல் ஆண்டே இதை எல்லாம் பிள்ளையிடம் பேசவேண்டாம்.

அறிவியல் கண்காட்சி: பருப்பு வேகாத கதை

எஸ்காம் எக்ஸ்போ ஃபார் யங் சயன்டிஸ்ட்ஸ் என்பது நாட்டிலேயே பெரிய பள்ளி அறிவியல் கண்காட்சி. எஸ்காம் என்றால் மின்சார நிறுவனம்தான், மின்சாரம் போகும்போது எல்லோரும் திட்டும் அதே எஸ்காம். பள்ளி, வட்டாரம், அப்புறம் தேசியச் சுற்று என்று போகும். மதிப்பெண்ணுக்கு ஏற்ப தங்கம், வெள்ளி, வெண்கலம் தருவார்கள். ஒருவருக்கு மட்டும் முதல் பரிசு என்று இல்லை, தகுதியை எட்டியவர்கள் எல்லோரும் வாங்கலாம். தேர்வில் தடுமாறும் பிள்ளை இங்கே மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாப் போட்டிகளிலும் பிடித்தது இதுதான்.

இங்கே நாம் செய்யும் முதல் தவறு மாடல் செய்வது. தெர்மோகோலில் எரிமலை, பல்பு எரியும் சூரியக் குடும்பம், இவற்றுக்கு இங்கே மதிப்பு இல்லை. கேள்வி ஒன்று வேண்டும், அதற்கு அளந்து பார்த்த விடை வேண்டும்.

ஒன்பதாம் கிரேடில் என் மகள் எடுத்த கேள்வி வீட்டிலேயே கிடைத்தது. ஜோஹன்னஸ்பர்கிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், "எங்க வீட்டில துவரம்பருப்பு குக்கர் இல்லாம வேகவே மாட்டேங்குது அண்ணி" என்றார். இங்கே டர்பனில் அதே பருப்பு, கடையில் ஆயில் டால் என்று விற்பது, திறந்த பாத்திரத்திலேயே வெந்துவிடும். நான் பருப்பின் மேல் பழி போட்டேன். மகள் உயரத்தின் மேல் சந்தேகப்பட்டாள். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதித்த பின் எவ்வளவு தீயை வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. குக்கர் மூடியைப் போட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், கொதிநிலையும் ஏறும், பருப்பும் வெந்துவிடும்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது, அதை எழுதி ஒட்டினால் போதாதா என்றேன். போதாது என்று ஆசிரியை சொன்னார், எவ்வளவு வித்தியாசம் என்று அளக்க வேண்டும். டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் மூன்று இடம் எடுத்தாள். கடல் மட்டத்தில் டர்பன், சுமார் 600 மீட்டரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு நண்பர் வீடு, மேலே நாத்தனார் வீடு. ஒரே பையில் வாங்கிய பருப்பு, ஒரே பாத்திரம், ஒரே மின்அடுப்பு, எல்லாவற்றையும் காரில் தூக்கிக்கொண்டு போனோம். 100 கிராம் பருப்பு, 600 மில்லி தண்ணீர். கொதி வந்ததிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பத்துப் பருப்பை எடுத்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைப் பத்து விநாடி வைத்து, எத்தனை பருப்பு நசுங்குகிறது என்று எண்ணினாள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை. "வெந்தது" என்ற சொல்லை ஓர் எண்ணாக மாற்றியது அந்தச் சர்க்கரைப் பொட்டலம்தான். நடுவர்களுக்கும் அது பிடித்திருந்தது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். அளந்ததை அன்றன்றைக்கே தேதியோடு ஒரு நோட்டில் எழுத வேண்டும். எண்ணெய்க் கறை பட்டாலும் பரவாயில்லை. கடைசி வாரம் உட்கார்ந்து அழகாகப் பிரதி எடுத்த நோட்டை நடுவர்கள் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று மிக முக்கியம். மனிதர்களையோ விலங்குகளையோ வைத்துச் செய்யும் ஆய்வு என்றால், வகுப்புத் தோழர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பதானாலும், ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே அதற்கான நெறிமுறைப் படிவத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். முடித்த பின் வாங்கினால் செல்லாது. நல்ல ஆய்வுகள் இந்த ஒரு தாளில் வெளியே போவதுண்டு. பருப்புக்குப் படிவம் கேட்கமாட்டார்கள் என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

நடுவர்கள் வரும்போது பெற்றோர் பக்கத்தில் நிற்க முடியாது. பிள்ளைதான் பேச வேண்டும். அப்பா செய்துகொடுத்த ஆய்வு அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். என் மகளிடம் ஒருவர், "மூன்று வீட்டிலும் மின் அழுத்தம் ஒன்றாக இருந்ததா, அடுப்பின் சூடு மாறியிருக்குமே?" என்று கேட்டிருக்கிறார். இவள் யோசித்துவிட்டு, "அதை நான் அளக்கவில்லை, அளந்திருக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறாள். வெண்கலம் வந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பிள்ளையைப் பழக்கி அனுப்புங்கள். வீட்டில் ஒரு மாமாவை நடுவராக உட்காரவைத்துக் குடையச் சொன்னால் போதும்.

தமிழில் ஒரு போட்டி

இங்கே ஐஸ்டெட்ஃபோட் என்று ஒரு சொல் காதில் விழும். வேல்ஸ் நாட்டுச் சொல், இலக்கிய இசைப் போட்டி என்று பொருள். அது எப்படியோ ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு வந்து, தமிழ்ப் பிள்ளைகளின் செய்யுள் ஒப்புவித்தலுக்கும் பாட்டுக்கும் பேச்சுக்கும் பெயராகிவிட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழ்க் கூட்டமைப்பும் ஊர்த் தமிழ்ச் சங்கங்களும் இதை நடத்துகின்றன. பக்கத்துக் கோயிலிலோ சங்கத்திலோ கேட்டால் தேதி சொல்வார்கள், பள்ளி வழியாகப் போகவேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை ஊரிலிருந்து வந்ததால் தமிழ் சரளமாக வரும், சுலபமாக ஜெயித்துவிடலாம் என்று தோன்றும். கொஞ்சம் நிதானியுங்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து இறங்கியவர்களில் தொடங்கிய பரம்பரை இவர்களுடையது. வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். பல பிள்ளைகள் பாட்டின் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ழகரத்தோடும் மல்லுக்கட்டி, மாதக்கணக்கில் படித்துவிட்டு மேடை ஏறுகிறார்கள். ஐந்து தலைமுறைக்குப் பிறகும் அந்த ஒலியை விடவில்லை. 2014இல் டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் தமிழும் மற்ற நான்கு இந்திய மொழிகளும் பள்ளியில் விருப்பப் பாடமாகத் திரும்ப வந்ததன் பின்னால் இப்படிப்பட்ட குடும்பங்களின் பிடிவாதம் இருக்கிறது.

எனவே, பெயர் கொடுக்கும்போது பிள்ளை எங்கே படித்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஏற்ற பிரிவில் போட்டுக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், முதல் ஆண்டு மேடை ஏற்றுவதைவிட, உள்ளூர்ப் பிள்ளை ஒன்றுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்க உங்கள் பிள்ளையை அனுப்புங்கள். என் மகள் அப்படித்தான் ஆயாவின் பேரனுக்கு ழ சொல்லிக்கொடுத்தாள், அவன் இவளுக்கு இரண்டாம் சுற்றுத் தாள்களைக் கொடுத்தான். பண்டமாற்று.

முடிவு வந்த பிறகு

முதல் சுற்றிலேயே நின்றுவிட்டால் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து உட்காரச் சொல்லுங்கள். கேள்வியைச் சரியாகப் படிக்காததால் போனது எது, வழி தெரியாமல் போனது எது என்று பிள்ளையே பிரிக்கட்டும். என் மகளின் முதல் தாளில் பாதிக்குமேல் படிக்காததால் போனது.

சான்றிதழை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், ஆனால் அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். பல்கலைக்கழக இடத்தைப் பெரும்பாலும் மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் கிரேடு இறுதித் தேர்வு, மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. பர்சரி எனப்படும் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒலிம்பியாட் ஒரு நல்ல வரிதான், ஆனால் பல பர்சரிகள் இந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரியாமல் பன்னிரண்டாம் கிரேடில் மனம் உடைந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

பதிவு செய்து கொடுத்த ஆசிரியருக்கு, முடிவு எதுவானாலும், நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாலும் தப்பில்லை, எங்கள் ஆசிரியை இப்போது அக்டோபர் ஆனாலே கேட்கிறார். அந்த மின்னஞ்சலின் கடைசியில், அடுத்த ஆண்டுப் பதிவு எப்போது தொடங்கும் என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள்.